சனிக்கிழமை நாலு மணி: பெரியவர்களோடு பிள்ளைகளை உட்கார வைப்பது எப்படி

மேலூர்ப் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 31 வருடம் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலையில் இருந்தபோது ஒரு அக்டோபர் 1 அன்று, முதியோர் தினத்துக்காக, நாற்பது பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு மதுரையில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனோம். பிள்ளைகள் கும்மியடித்தார்கள். ஒருவன் மனப்பாடமாகப் பேசினான். எல்லாருக்கும் பன்னும் வாழைப்பழமும் கொடுத்தோம். வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தோம். ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கிளம்பும்போது ஒரு பாட்டி, நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, “நாளைக்கும் வருவியாத்தா?” என்று கேட்டார். “வர்றேன் பாட்டி” என்று அவள் சொல்லிவிட்டாள். நாங்கள் மறுபடி போகவே இல்லை. இரண்டு வாரம் அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, “எப்ப டீச்சர் போறோம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள். அந்தப் பாட்டி எத்தனை நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ, எனக்குத் தெரியாது.

அந்த மனக்குறைதான் 2022 ஜூனில் என்னை இதைத் தொடங்க வைத்தது. இப்போது எங்கள் ஊர் நூலகத் திண்ணையில் உட்காருகிறோம். ஆறு பெரியவர்கள், பன்னிரண்டு பிள்ளைகள், சனிக்கிழமை சாயங்காலம் நாலிலிருந்து ஐந்து. பெயர் எதுவும் வைக்கவில்லை. ஊரில் “நாலு மணிக்குப் போறேன்” என்றால் எல்லாருக்கும் புரியும். உங்கள் தெருவிலோ, குடியிருப்பிலோ, பள்ளிக்கூடத்திலோ இப்படி ஒன்றைத் தொடங்க நினைக்கிறவர்களுக்கு, நான் செய்து பார்த்துக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில் பெரியவர்களிடம் போங்கள்

பிள்ளைகளைத் திரட்டிவிட்டு, பெரியவர்களை அவர்களுடைய மகனிடம் சொல்லிக் கூட்டி வரலாம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். வருவதா வேண்டாமா என்று அந்தப் பெரியவரிடமே கேளுங்கள். வீட்டுக்குப் போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

என்ன சொல்லிக் கேட்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. “வாங்க, பிள்ளைகளோட இருந்தா பொழுது போகும்” என்றுதான் நான் முதலில் கூப்பிட்டேன். மூன்று வீட்டிலும் ஒரே மாதிரி பதில். “எனக்கென்ன டீச்சரு பொழுதுக்குப் பஞ்சம், ஆடு கிடக்கு, மாடு கிடக்கு.” நாலாவது வீட்டில் கேள்வியை மாற்றினேன். “அப்பத்தா, நம்ம பிள்ளைகளுக்குப் பூக்கட்டத் தெரியல. சொல்லிக்கொடுக்க ஆள் இல்ல. வாரத்துல ஒரு மணி நேரம் வர்றீங்களா?” கட்டிலில் சாய்ந்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து கொண்டையை முடிந்தார். “நார் இருக்கா, நான் கொண்டாரவா?” என்றார்.

ஆசிரியர் பயிற்சியில் எரிக்சன் என்ற உளவியலாளர் சொன்ன எட்டுப் பருவங்களைப் படித்திருக்கிறேன். நடுவயதில் மனிதருக்கு அடுத்த தலைமுறையை ஆளாக்க வேண்டும் என்ற தேவை வரும், அதற்கு வழி இல்லாவிட்டால் உள்ளுக்குள் தேங்கிப் போவார்கள், கடைசிப் பருவத்தில் வாழ்ந்த வாழ்க்கையை நிறைவோடு பார்ப்பதா கசப்போடு பார்ப்பதா என்பதுதான் கேள்வி என்பார் அவர். பரீட்சைக்காகப் படித்தது. அந்த அப்பத்தா நார் இருக்கா என்று கேட்டபோதுதான் எனக்கு அது விளங்கியது. எழுபது எழுபத்தைந்து வயதிலும் அந்தத் தேவை போகவில்லை. வந்து கேட்கத்தான் ஆள் இல்லை.

வெளிநாடுகளில் நெடுங்காலமாக நடக்கிற திட்டங்களைப் படித்துப் பார்த்தால் அவர்களும் இந்த இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1965-லேயே ‘ஃபாஸ்டர் கிராண்ட்பேரண்ட்’ என்று ஒரு அரசுத் திட்டம் தொடங்கி, துணை தேவைப்படுகிற பிள்ளைகளோடு முதியவர்களைச் சேர்த்தார்கள். பால்டிமோர் நகரத்தில் ‘எக்ஸ்பீரியன்ஸ் கோர்’ என்ற திட்டத்தில் 60 வயது தாண்டியவர்கள் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய் வாரம் 15 மணி நேரம் பிள்ளைகளுக்கு வாசிக்க உதவினார்கள். நெதர்லாந்தில் டெவென்டர் என்ற ஊரில் ஹுமானிடாஸ் முதியோர் இல்லத்தில் கல்லூரி மாணவர்கள் வாடகை கொடுக்காமல் தங்கலாம். பதிலுக்கு மாதம் 30 மணி நேரம் அங்கே இருக்கும் பெரியவர்களோடு இருக்க வேண்டும். எங்கும் ஒருநாள் கலைநிகழ்ச்சி இல்லை. செய்ய ஒரு வேலையும், தவறாமல் வருகிற ஒரு நாளும்தான் அவர்கள் கொடுத்தது.

இன்னொன்று. நம் பக்கத்தில் எத்தனையோ அப்பத்தாக்களும் அம்மாச்சிகளும் ஏற்கெனவே பேரப்பிள்ளைகளை முழுநேரமும் வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். மகனும் மருமகளும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார்கள், பிள்ளை இங்கே இருக்கும். அப்படிப்பட்டவர்களைக் கூப்பிடும்போது இன்னும் ஒரு சுமையைத் தூக்கி வைக்கிறோமோ என்று யோசியுங்கள். அவர்களைக் கூப்பிடவே கூடாது என்று நான் நினைத்தேன். ஒரு அம்மாச்சி அந்த நினைப்பை மாற்றினார். “என் பேரன்னா குளிப்பாட்டணும், சோறு போடணும், ரெண்டு அடி குடுத்து எழுத வைக்கணும். இந்தப் புள்ளைட்ட பேசுனா மட்டும் போதும் டீச்சரு, மனசுக்கு லேசா இருக்கு.” அவருடைய பேரனும் கூட்டத்தில் இருக்கிறான், ஆனால் வேறு ஒரு தாத்தாவோடு. சொந்தப் பேரனையும் அப்பத்தாவையும் ஒரே இடத்தில் உட்கார வைக்காதீர்கள். வீட்டுச் சண்டை கூடவே வந்துவிடும்.

வர விருப்பமில்லாதவரை வற்புறுத்த வேண்டாம். சிலருக்குப் பிள்ளைகளின் சத்தம் ஆகாது. சிலருக்குப் பிள்ளைகள் கேலி செய்துவிடுவார்களோ என்ற பயம். வெளியே சொல்ல மாட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு தாத்தா எதிரே வேப்ப மரத்தடியில் துண்டை விரித்து இரண்டு மாதம் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். நானும் கூப்பிடவில்லை. ஒருநாள் ஒரு பையன் ஆடுபுலி ஆட்டத்தில் புலியைத் தப்பாக நகர்த்தினான். “டேய், அங்க வெட்ட முடியாதுடா” என்று அவரே எழுந்து வந்துவிட்டார்.

இடம், நேரம்

கழிப்பறை பக்கத்தில் இல்லாத இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். முதல் மாதம் நாங்கள் ஊர்ப் பொது இடமான மந்தையில் உட்கார்ந்தோம். பெரியம்மாக்கள் அரை மணி நேரத்தில் எழுந்து போனார்கள், அல்லது வருவதற்கு முன்னால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினார்கள். நூலகத் திண்ணைக்கு மாறியதும் ஒரு மணி நேரமும் நிம்மதியாக உட்கார்ந்தார்கள்.

கை வைத்த நாற்காலிகள் வேண்டும், எழும்போது பிடித்துக்கொள்ள. நாற்காலிகளைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். நடுவில் பிள்ளைகள் ஓடினாலும் பெரியவர்கள் நடக்கும் வழியில் யாரும் குறுக்கே வரக் கூடாது. எழுபது வயதில் ஒரு முறை விழுந்து இடுப்பு எலும்பு போனால், பல பேருக்கு அதோடு நடமாட்டமே போய்விடும். பைகளையும் செருப்புகளையும் ஒரு மூலையில் குவியுங்கள்.

நாலு மணி என்பது மதியத் தூக்கத்துக்கும் விளக்கு வைக்கும் நேரத்துக்கும் நடுவில் இருப்பதால் சரியாக அமைந்தது. சித்திரை வைகாசியில் மதுரை வெயில் நாலு மணிக்கும் தணியாது. அந்த இரண்டு மாதம் மட்டும் காலை ஆறரை மணிக்கு மாற்றிக்கொள்கிறோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். ஆசையோடு இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

பிள்ளைகளில் மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைதான் எனக்குச் சரிப்பட்டது. அதைவிடச் சின்னப் பிள்ளைகள் என்றால் பெரியவர் பின்னாலேயே ஓட வேண்டி வரும்.

சீட்டுக் குலுக்கல்

ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள். அந்த மூவரும் ஒரு முழு வருடம் சேர்ந்தே இருப்பார்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஒரே பிள்ளை என்றால் அது வராத வாரம் பெரியவர் தனியாக உட்கார்ந்திருப்பார். இரண்டு என்றால் ஒன்றாவது வரும். கூச்சப்படுகிற பிள்ளைக்கும் துணை இருக்கும். வாரத்துக்கு ஒரு பிள்ளை என்று மாற்றினால் எல்லாரும் பேர் கேட்பதோடு நின்றுவிடுவார்கள்.

யார் யாரோடு என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம். அதற்குக் காரணம் இருக்கிறது. முதல் வருடம் ஒரு பெரியவர் தன் முன்னால் வந்து உட்கார்ந்த பையனைப் பார்த்து, என்னிடம் திரும்பி, “இது எந்தத் தெருப் புள்ள?” என்று கேட்டார். இந்தப் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும், ஒன்பது வயதுப் பையனுக்கும் தெரியும். “நாலாம் வகுப்புப் புள்ள” என்று சொன்னேன். அவர் எழுந்து போய்விட்டார். அடுத்த இரண்டு சனிக்கிழமை வரவில்லை. நான் சீட்டை மாற்றவில்லை. பையனிடம், “தாத்தாவுக்கு வேலை இருக்கு, நீ என்னோட உட்காரு” என்று பொய் சொல்லவும் மனம் வரவில்லை. “அவர் செஞ்சது தப்பு, உன்மேல தப்பே இல்ல” என்று சொன்னேன். மூன்றாவது வாரம் அவர் வந்தார். என்ன நினைத்து வந்தார் என்று நான் கேட்கவில்லை. அன்று இருவரும் பம்பரத்துக்குச் சாட்டை சுற்றினார்கள். ஒரே பானை, ஒரே டம்ளர், ஒரே தாம்பாளம். இதற்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக விதியை வளைத்தால், அந்தப் பிள்ளைகளின் மனதில் நாமே ஒரு கோடு கிழித்துவிடுவோம். அதற்குக் கூட்டமே நடத்தாமல் இருக்கலாம்.

என்ன செய்வது

கைக்கு வேலை கொடுங்கள். சும்மா முகத்தைப் பார்த்துப் பேசச் சொன்னால் இரண்டு பக்கமும் திணறும். பூக்கட்டுவது, பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி, பனை ஓலையில் காற்றாடி, மொச்சை உரிப்பது, எதுவானாலும் சரி. கை ஓடினால் வாய் தானாக வரும். ஆடுபுலி ஆட்டத்துக்குக் கட்டை கூட வேண்டாம். தரையில் கோடுகள் வரைந்து, மூன்று புளியங்கொட்டை புலியாகவும் பதினைந்து கூழாங்கல் ஆடாகவும் வைத்துக்கொள்ளலாம். கற்றுக்கொடுக்கிறவர் பெரியவராக இருக்கட்டும். பிள்ளைக்குத் தெரிந்திருந்தாலும் தாத்தா எப்படி ஆடுவார் என்று கேட்கச் சொல்லுங்கள். ஊருக்கு ஊர் விதி மாறும்.

முதல் நாளுக்கு விடுகதை நல்லது. “சிவப்புப் பைக்குள்ள சில்லறைக் காசு, அது என்ன?” என்று அப்பத்தா கேட்க, பிள்ளைகள் தக்காளி, மாதுளை என்று சொல்லிப் பார்த்து, கடைசியில் “மிளகாய் வத்தல்” என்றதும் வருகிற சிரிப்பில் பாதி அந்நியம் போய்விடும்.

கதை கேட்பதற்குக் கேள்வியைச் சின்னதாக வைக்கப் பழக்குங்கள். “உங்க சின்ன வயசைப் பத்திச் சொல்லுங்க” என்று கேட்டால், “அதெல்லாம் என்னத்தச் சொல்ல” என்று முடிந்துவிடும். பிள்ளைகளோடு நான் வியாழக்கிழமை பத்து நிமிடம் உட்கார்ந்து கேள்வி எழுத வைப்பேன். முதல் செருப்பு எப்ப வாங்குனீங்க? ரேடியோ யார் வீட்டுல இருந்துச்சு? பள்ளிக்கூடத்துல எதுக்கு அடி வாங்குனீங்க? மழை பெய்யாத வருசம் என்ன சாப்பிட்டீங்க? கடைசிக் கேள்விக்கு ஒரு தாத்தா நாற்பது நிமிடம் பதில் சொன்னார். முல்லைப் பெரியாறு அணை 1895-ல் கட்டி முடிந்தது என்று பிள்ளைகளுக்குப் பாடத்தில் தெரியும். பெரியாற்றுத் தண்ணீர் கடைமடைக்கு வர, ராத்திரி மண்வெட்டியும் அரிக்கேன் விளக்குமாக மடையில் காவல் கிடந்ததை அவர்தான் சொன்னார். தூங்கிவிடக் கூடாது என்று ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொள்வாராம். ஒரு பையன் அன்று வீட்டுக்குப் போய் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று அவன் அம்மா சொன்னார்.

இன்னொரு தாத்தா சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்குத் துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிற நேர்த்திக்கடன் செய்தவர். முழங்கால் போன பிறகு நிறுத்திவிட்டார். பிள்ளைகள் கேட்டதும் பரணிலிருந்து தோல் துருத்தியையும் குல்லாவையும் இறக்கிக் கொண்டுவந்தார். தோல் காய்ந்து விறைத்துக் கிடந்தது. எப்படி எண்ணெய் போட்டுப் பதமாக்குவது, எப்படிக் கக்கத்தில் இடுக்கி அழுத்துவது என்று காட்டினார். பேசிக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார். குச்சி நாற்காலியில் சாய்ந்தபடி கிடந்தது. பிள்ளை ஒருத்தி குச்சியை எடுத்துக் கொடுக்கப் போனாள். நான் வேண்டாம் என்று கண் காட்டினேன்.

ஒரு எச்சரிக்கை. வாசிப்பதில் தொடங்காதீர்கள். எங்கள் ஊர்ப் பெரியம்மாக்களில் பலர் பள்ளிக்கூடம் போனதில்லை. முதல் வாரத்தில் நான் கதைப் புத்தகம் கொடுத்தேன். ஒரு அப்பத்தா கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கு அந்த அவமானத்தைக் கொடுத்தது நான்தான். பல மாதம் கழித்து அவரே தன்னோடு உட்காரும் பிள்ளையிடம் மெதுவாக, “என் பேரை எழுதக் காட்டுறியா?” என்று கேட்டாராம். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். இப்போது உதவித்தொகை வாங்கும்போது கையெழுத்துப் போடுகிறார். நான் முன்வந்து கற்றுக்கொடுக்கப் போயிருந்தால் அவர் கூட்டத்தை விட்டே போயிருப்பார்.

கைபேசி வேலைக்கு எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மாதம் ஒருமுறை கூப்பிடுகிறேன். சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு வீடியோவில் கூப்பிடுவது, எழுத்தைப் பெரிதாக்குவது, டார்ச் போடுவது. பிள்ளை செய்து காட்டிவிட்டுப் போகக் கூடாது, பெரியவரின் விரல்தான் அழுத்த வேண்டும். வங்கிச் செயலி, ரகசிய எண், ஓடிபி ஆகியவற்றை எந்தப் பிள்ளையும் தொடக் கூடாது. பிள்ளை நல்ல பிள்ளைதான். பிறகு ஒரு ரூபாய் காணாமல் போனாலும் சந்தேகம் அதன்மேல்தான் விழும்.

காது, கண், மறதி

வயதாகும்போது காது முதலில் தவற விடுவது கீச்சென்ற மெல்லிய ஒலிகளைத்தான். பிள்ளைகளின் குரல் அந்த வகை. மகன் பேசுவது கேட்கிறது, பேத்தி பேசுவது கேட்கவில்லை என்றால் பாட்டிக்கு அலட்சியம் என்று அர்த்தம் இல்லை. பிள்ளைகளிடம் இதை விளக்குங்கள். பக்கவாட்டில் உட்காராமல் எதிரே உட்காரணும், முகத்தில் வெளிச்சம் படணும், கத்தாமல் நிறுத்தி நிதானமாகப் பேசணும், ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பேசக் கூடாது. கடகடவென்று சத்தம் போடுகிற மின்விசிறியை அணைத்துவிடுங்கள். இதைச் செய்த பிறகு, “இந்தப் புள்ளைக எல்லாம் முணுமுணுக்குதுக” என்ற புகார் நின்றது.

கண்புரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பல்லாங்குழியில் தொடர்ந்து தப்பாகப் போட்ட ஒரு அப்பத்தாவைப் பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் பதினொரு படுக்கையோடு தொடங்கியது. இன்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் அங்கே கண்ணைக் காட்டாத குடும்பம் குறைவு. ஆனாலும், ‘இந்த வயசுல எதுக்கு’ என்று தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அப்பத்தாவை மகன் கூப்பிட்டபோது போகவில்லை. தன்னோடு உட்காரும் பிள்ளைகள் இரண்டும், “முத்து எங்க விழுதுன்னு தெரியணும்ல” என்றதும் போனார்.

மறதி உள்ளவர்களை ஒதுக்காதீர்கள். நான் முன்னே சொன்ன பூக்கட்டும் அப்பத்தாவுக்கு இரண்டாம் வருடம் மறதி கூடியது. ஒவ்வொரு வாரமும் அதே பிள்ளையைப் பார்த்து, “நீ யாரு வீட்டுப் புள்ள?” என்று கேட்பார். புது நினைவு நழுவினாலும் கை பழகிய வேலை வெகுகாலம் தங்கும். வாழைநாரையும் மல்லிகையையும் மடியில் வைத்தால் விரல்கள் தானாக ஓடின. மதுரை மல்லியின் காம்பு தடிப்பு, இரண்டு இரண்டாக எதிரெதிரே வைத்து முடிச்சுப் போடணும், இறுக்கினால் பூ கன்றிவிடும் என்று வாரா வாரம் புதிதாகச் சொல்வது போலச் சொல்வார். பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இரண்டுதான். “மறந்துட்டீங்களா?” என்று கேட்கக் கூடாது. கேட்கும்போதெல்லாம் முதல் தடவை கேட்ட மாதிரி பதில் சொல்லணும். அந்தப் பத்து வயதுப் பிள்ளை ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் பேரையும் அப்பா பேரையும் தெருவையும் சொன்னாள். ஒரு தடவைகூட சலித்துக்கொள்ளவில்லை.

காசு, தின்பண்டம், காவல்

பெரியவர்கள் பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுக்காமல் இருக்க மாட்டார்கள். முதியோர் உதவித்தொகையில் இருபது ரூபாய்க்கு பிஸ்கட் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வருவார்கள். தடை போட்டுப் பார்த்தேன், முகம் வாடிப் போனது. கொடுக்கிற இடத்தில் இருப்பது அவர்களுக்குக் கௌரவம். அதனால், யார் எது கொண்டுவந்தாலும் ஒரே தாம்பாளத்தில் கொட்டி எல்லாருக்கும் பங்கு என்று வைத்தோம். சுண்டல், பனங்கிழங்கு, அவித்த கடலை. காசு மட்டும் கூடாது.

சளி, காய்ச்சல் உள்ள பிள்ளை அந்த வாரம் வீட்டில் இருக்கட்டும். பிள்ளைக்கு மூன்று நாள் இருமல், பெரியவருக்கு அதுவே நெஞ்சில் இறங்கும்.

பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள். திறந்த இடத்தில், எல்லார் கண்ணும் படும்படி உட்காருங்கள். யாரும் பிள்ளையை வீட்டுக்கோ அறைக்கோ தனியாகக் கூட்டிப் போகக் கூடாது என்பதைப் பெரியவர்களிடமும் நேராகச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பிள்ளைக்கு ஏதாவது சங்கடம் என்றால் உடனே என்னிடம் சொல்லலாம் என்று மாதம் ஒருமுறை நினைவுபடுத்துவேன். 1098 என்ற பிள்ளைகள் உதவி எண்ணைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். அதன் கீழேயே முதியோர் உதவி எண் 14567. இரண்டாவது எண் ஏன் என்றால், தாத்தா சாப்பிடவில்லை, கையில் காயம் இருக்கிறது என்று முதலில் கவனிப்பது பிள்ளைகள்தான். அதைப் பிள்ளை கையில் விட்டுவிடாமல் நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

படம் எடுக்க வேண்டாம். எடுக்க ஆரம்பித்தால் எல்லாரும் அதற்காக உட்காருவார்கள்.

முதியோர் இல்லத்தில் நடத்துவதானால் இதே விதிகள்தான், ஒன்றே ஒன்று கூடுதல்: எத்தனை வாரம் வருவோம் என்பதை முதல் நாளே அங்கே இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். பத்து வாரம் என்றால் பத்து வாரம். கடைசி வாரத்துக்கு முந்தைய வாரமும், அடுத்த வாரம் கடைசி என்று சொல்லுங்கள். எண்ணிக்கை தெரிந்தால் தாங்கிக்கொள்வார்கள். வருவேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதைத்தான் தாங்க முடியாது.

ஒருவர் இல்லாமல் போகும்போது

இதை எதிர்பார்த்துத்தான் தொடங்க வேண்டும். ஆறு பேரும் எழுபதைத் தாண்டியவர்கள். 2024 தை மாதம் அந்தப் பூக்கட்டும் அப்பத்தா போய்ச் சேர்ந்தார். பிள்ளைகளிடம் ஊருக்குப் போய்விட்டார், சாமியிடம் தூங்குகிறார் என்றெல்லாம் சொல்லாதீர்கள். கிராமத்தில் கொட்டுச் சத்தம் கேட்டதுமே பிள்ளைக்குத் தெரிந்துவிடும். “அப்பத்தா இறந்துட்டாங்க. இனி வர மாட்டாங்க” என்று சொன்னேன். பெற்றோர் சம்மதித்தால் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். அந்த இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். தாங்களே கட்டிய மல்லிகைச் சரத்தைக் கொண்டுவந்திருந்தார்கள், முடிச்சு அவ்வளவு நெருக்கமாக இல்லை. அப்பத்தாவின் மகள் அதை வாங்கி மற்ற மாலைகளுக்கு மேலே வைத்தார். அவர் வெளியூரில் இருப்பவர். அம்மாவுக்கு இந்தப் பிள்ளைகள் யார் என்று அவருக்குத் தெரியாது. நான் சொன்னேன். அவர் அந்தப் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை நாற்காலியை எடுத்துவிடாதீர்கள். இரண்டு வாரம் காலியாக இருக்கட்டும். மற்றப் பெரியவர்கள் அதைப் பார்ப்பார்கள், தங்கள் நாற்காலியும் ஒருநாள் அப்படி இருக்கும் என்று நினைப்பார்கள், அது எனக்குத் தெரியும். நான் எடுத்து மூலையில் வைக்கப் போனபோது துருத்தித் தாத்தாதான், “கிடக்கட்டும் டீச்சரு” என்றார். அந்தப் பிள்ளைகளிடம் உடனே வேறு ஒருவரைக் கொடுக்க வேண்டாம். எங்கள் பிள்ளைகள் மூன்றாவது வாரம் தாங்களாகவே, பிஸ்கட் கொண்டுவரும் அம்மாச்சியோடு போய் உட்கார்ந்தார்கள். அவருக்குப் பூக்கட்டத் தெரியாது. இரண்டு பேரும் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

எப்போது தொடங்குவது

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது வாரம். அதற்கு முன்னால் மே மாதத்திலேயே வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களைப் பார்த்துவிடுங்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு தடவையாவது போக வேண்டியிருக்கும். ஆடி மாதம் கோவில் கொடை, ஐப்பசியில் மழை, மார்கழியில் அரையாண்டுத் தேர்வு, தையில் ஜல்லிக்கட்டு என்று இடையில் வாரங்கள் விடுபடும். விடுபடும் வாரத்தை முந்தின வாரமே சொல்லிவிடுங்கள். கேட்காதவர்கள் வீட்டுக்கு ஒரு பிள்ளையை அனுப்பிச் சொல்லச் சொல்லுங்கள். முதல் சனிக்கிழமைக்கு ஆறு நாற்காலி, ஒரு பாய், ஒரு குடம் தண்ணீர், கொஞ்சம் புளியங்கொட்டை, ஒரு சாக்பீஸ். மூன்றே முக்காலுக்குப் போய்விடுங்கள். பெரியவர்கள் மூன்றரைக்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள்.